நூல் அறுந்த பட்டமும் சொற்கேளாத ட்ரோனும்

பட்டம் விட்டவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். நூல் கையில் இருக்கும் வரை பட்டம் நம்முடையது. நூல் அறுந்துவிட்டால் அது காற்றினுடையது. தை மாதத்தில் விண் கூவிக்கொண்டு நின்ற பட்டம் அறுத்துக்கொண்டு பனங்கூடலைத் தாண்டிப் போவதைப் பார்த்து மனம் வெதும்பாத சிறுவன் நம் ஊர்களில் இருக்க மாட்டான்.

இன்று அதே வானத்தில் ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்தி நிற்கிறது. திருமண வீட்டில், தேர்த் திருவிழாவில், விளையாட்டுப் போட்டியில் எல்லாம் அதன் இரைச்சல் கேட்கிறது. வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பியதாகவோ, கடன்பட்டு வாங்கியதாகவோ நம் இளைஞர் கைகளுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. அதனால் உழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நன்றாகப் பறந்துகொண்டிருந்த ட்ரோன் திடீரென்று சொற்கேளாமல் ஓடிப்போய் விழுந்தது என்ற கதையும் அடிக்கடி கேட்கிறது. அது ஏன் நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்வது பணத்தைக் காக்கும். சில வேளை உயிரையும் காக்கும்.

வேலிக்கு இப்பால்

வன்னியிலுள்ள ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் நடந்த சம்பவம் இது. திருமண வீடுகளிலும் சாமத்திய வீடுகளிலும் படம் எடுத்து உழைக்கும் ஓர் இளைஞர், தாயின் சங்கிலியை அடகு வைத்து ஒரு பழைய ட்ரோனை வாங்கியிருந்தார். ஆடி மாதத்து மாலை ஒன்றில் வயல்வெளியைப் படம் எடுக்கப் புறப்பட்டார். புழுதி படாமல் இருக்கட்டும் என்று வாய்க்கால் மதவின் கொங்கிறீற் தளத்தில் ட்ரோனை வைத்தார். தொலைபேசித் திரையில் சிவப்பு நிறத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. வழமையாக வருவதுதானே என்று அதை விலக்கிவிட்டு எழுப்பினார்.

சோழகம் பின்னால் நின்று தள்ள, ட்ரோன் வாய்க்காலை ஒட்டி அழகாகப் போனது. திருப்பும்போதுதான் வினை தொடங்கியது. நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கியது. முதலில் சிறிய வட்டம், பின்னர் பெரிய வட்டம்.

"தம்பி, உது ஏன் உப்பிடிச் சுத்துது?" என்று கேட்டார் பக்கத்தில் நின்ற பெரியப்பா.

"தெரியேல்லைப் பெரியப்பு. நான் ஒரு பக்கம் திருப்ப அது வேறை பக்கம் போகுது."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காற்றோடு சரிந்து, கம்பி வேலியைத் தாண்டிப் பற்றைக்குள் விழுந்தது. அந்த வேலியில் சிவப்பு நிற மண்டையோட்டுப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணிவெடி அகற்றி முடியாத நிலம். இளைஞர் ஒரு காலைத் தூக்கிக் கம்பிக்கு அப்பால் வைக்கப் போனார். பெரியப்பா சேட்டைப் பிடித்து இழுத்தார்.

"அடகு வைச்ச சங்கிலியை மீட்கலாம் தம்பி. போன காலை மீட்கேலாது. வா இங்காலை."

அன்று இரவு அவர்கள் தொலைபேசியில் பதிவாகியிருந்த பறப்புக் குறிப்பைத் திறந்து பார்த்தார்கள். பல ட்ரோன்கள் தமது பறப்பின் விபரங்களை இவ்வாறு பதிந்துவைக்கின்றன. விபத்துக்குக் காரணம் ஒன்றல்ல, மூன்று என்று அதிலிருந்து தெரிந்தது. அவற்றை விளங்கிக்கொள்வதற்கு முதலில் ட்ரோன் எப்படிப் பறக்கிறது என்பதை அறிய வேண்டும்.

நான்கு விசிறிகளின் கூட்டு வேலை

சாதாரண ட்ரோன் ஒன்றுக்கு நான்கு விசிறிகள் உண்டு. அவற்றில் இரண்டு வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுற்றும். மூலைக்கு மூலை எதிரே நிற்கும் சோடி ஒரே பக்கமாகச் சுற்றும். நான்கும் ஒரே பக்கமாகச் சுற்றினால் ட்ரோனின் உடல் எதிர்ப்பக்கமாகச் சுழன்றுவிடும். பின் விசிறிகள் வேகமாகச் சுற்றினால் முன்பக்கம் தாழ்ந்து முன்னே போகும். இடப்பக்க விசிறிகள் வேகமாகச் சுற்றினால் வலப்பக்கம் போகும்.

பட்டத்தை முச்சையும் வாலும் நேராக வைத்திருக்கின்றன. ட்ரோனுக்கு முச்சையும் இல்லை, வாலும் இல்லை. அதன் வயிற்றுக்குள் இருக்கும் சிறிய கணினியே ஒரு செக்கனுக்குள் பல நூறு தடவை சரிவைப் பார்த்து நான்கு மோட்டர்களின் வேகத்தையும் மாற்றிக்கொண்டிருக்கிறது. சரிவையும் திரும்பலையும் அறிய ஒரு கருவி, உயரத்தை அறியக் காற்றமுக்கமானி, திசையை அறியக் காந்தக் கொம்பாஸ், இடத்தை அறியச் செய்மதி வாங்கி ஆகியவை அந்தக் கணினிக்குச் செய்தி சொல்கின்றன. செய்தி சொல்லும் ஒன்று பொய் சொன்னால் கணினி அந்தப் பொய்யை நம்பியே வேலை செய்யும். கட்டுப்பாடு இழப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான்.

கொம்பாஸ் சொல்லும் பொய்

கொம்பாஸ் பூமியின் காந்தப்புலத்தை அளந்து வடக்கை அறிகிறது. அந்தப் புலம் மிகவும் பலவீனமானது. பக்கத்தில் இரும்பு இருந்தால் வடக்கு மாறிவிடும். கொங்கிறீற்றுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. மதவு, கிணற்றுக்கட்டு, வீட்டுத்தளம் எல்லாவற்றிலும் அது உண்டு. லொறி, உழவு இயந்திரம், தகரக் கூரை, ஒலிபெருக்கிக் காந்தம், உயர் அழுத்த மின்கம்பி ஆகியவையும் அதைக் குழப்பக்கூடியவை.

மதவில் வைத்த ட்ரோன் பிழையான வடக்கைப் பிடித்துக்கொண்டு எழும்பியது. காற்று தள்ளியபோது பழைய இடத்துக்குத் திரும்ப முயன்றது. ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் பிழை இருந்ததால் சற்று விலகிப் போனது. அந்த விலகலைத் திருத்த மீண்டும் முயன்றது, மீண்டும் விலகியது. கண்ணைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போ என்றால் மனிதன் சுற்றிச் சுற்றி நடப்பதைப் போன்றது இது. வட்டம் பெருத்துக்கொண்டே போவது கொம்பாஸ் பிழையின் தெளிவான அடையாளம். அன்று திரையில் தோன்றிய சிவப்பு அறிவிப்பு இதைத்தான் சொன்னது.

காற்று: போகும்போது நண்பன், வரும்போது எதிரி

சோழகக் காலத்தில் காற்றோடு சைக்கிள் ஓடிப் போனவர், வரும்போது நெஞ்சு நோக மிதிப்பார். ட்ரோனுக்கும் அதே கணக்குத்தான். காற்றில்லாத வேளையில் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் ஓடக்கூடிய ட்ரோனை எடுத்துக்கொள்வோம். காற்றின் வேகம் செக்கனுக்கு 7 மீற்றர். காற்றோடு போகும்போது நிலத்துக்கு மேல் அதன் வேகம் 17 மீற்றர். காற்றுக்கு எதிராக வரும்போது 3 மீற்றர் மட்டுமே. ஆகவே அரைக் கிலோமீற்றர் தூரத்தை அது 30 செக்கனில் கடந்து போகும். திரும்பி வர ஏறக்குறைய 167 செக்கன், அதாவது 2 நிமிடத்துக்கும் 47 செக்கன் வேண்டும். காற்று 10 மீற்றர் வேகத்தைத் தாண்டினால் அது வரவே வராது. முன்னே பார்த்துக்கொண்டு பின்னே போகும்.

நிலத்தில் இலை அசையாமல் நின்றாலும் பனை உயரத்துக்கு மேல் காற்று பலமாக இருக்கலாம். அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் 2023 ஜூலையில் 500 ட்ரோன்களைக் கொண்டு ஓர் ஒளிக்காட்சி நடத்த முயன்றார்கள். அவற்றில் 400க்கு மேற்பட்டவை நீரில் வீழ்ந்தன. மேலே வீசிய காற்று அந்த ட்ரோன்கள் தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டியிருந்தது என்பதை விசாரணை வெளிக்கொணர்ந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

பற்றரியும் கிணற்று ஊற்றும்

"பற்றரியிலை இன்னும் இருந்ததே, ஏன் விழுந்தது?" என்று பலர் கேட்கிறார்கள். ஊற்றுக் குறைந்த கிணற்றை நினைத்துப் பாருங்கள். பார்க்கும்போது தண்ணீர் இருக்கும். இயந்திரத்தைப் போட்டு வேகமாக இறைத்தால் சிறிது நேரத்தில் அடி தெரியும். இயந்திரத்தை நிறுத்தினால் மெல்ல மெல்லத் தண்ணீர் மீண்டும் ஏறும். பற்றரியும் இப்படியே. ட்ரோன்களில் உள்ள லிதியம் பற்றரியின் ஒவ்வோர் அறையும் முழுதாக ஏற்றியதும் பொதுவாக 4.2 வோல்ற் காட்டும். எதிர்க்காற்றோடு போராடும்போது மோட்டர்கள் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது வோல்ற்றளவு சட்டென்று சரியும். பழைய பற்றரியில், அல்லது குளிர்ந்த பற்றரியில், இந்தச் சரிவு மிகக் கடுமையாக இருக்கும். போதிய வோல்ற் கிடைக்காவிட்டால் மோட்டர்கள் தளரும், அல்லது ட்ரோன் தானாகவே தரையிறங்கத் தொடங்கும். விழுந்த பின்னர் அளந்து பார்த்தால் பற்றரியில் இன்னும் மின் காட்டும். ஏமாற வேண்டாம்.

அந்த இளைஞரின் ட்ரோனோடு வந்தது பழைய பற்றரி. கொம்பாஸ் குழப்பம், எதிர்க்காற்று, களைத்த பற்றரி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தன. தனித்தனியே வந்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும்.

பற்றரி சரியாகப் பூட்டப்படாவிட்டாலும் இதே கதிதான். 2016இல் கோப்றோ நிறுவனம் சந்தைக்கு விட்ட கர்மா என்னும் ட்ரோன்களில் சில நடுவானில் மின்னை இழந்து விழுந்தன. விற்பனை தொடங்கிய சில வாரங்களுக்குள், அவ்வருடம் நவம்பரில், ஏறக்குறைய 2,500 ட்ரோன்களை நிறுவனம் திருப்பி அழைத்தது. பற்றரியைப் பிடித்து வைக்கும் பூட்டே குற்றவாளி என்று பின்னர் அறியப்பட்டது. அதிர்வில் ஒரு கணம் தொடுப்பு விட்டாலும் போதும், விசிறிகள் நின்றுவிடும். விமானத்தைப் போல் மிதந்து இறங்க ட்ரோனுக்குச் சிறகில்லை.

கண்ணுக்குத் தெரியாத நூல்

ட்ரோனுக்கும் நமது கையிலுள்ள றிமோட்டுக்கும் இடையே நூல் இல்லை. வானொலி அலைதான் நூல். பெரும்பாலான ட்ரோன்கள் 2.4 அல்லது 5.8 கிகாஹேர்ட்ஸ் அலைகளைப் பயன்படுத்துகின்றன. வீட்டு வைஃபையும் இதே அலைகளில்தான் இயங்குகிறது. ஆகவே நூறு தொலைபேசிகள் கூடிய திருமண மண்டபத்துக்கு அருகில் ட்ரோனின் குரல், சந்தையில் ஒருவரை ஒருவர் கூப்பிடும் குரலைப் போல் அமுங்கிவிடலாம்.

இந்த அலைகள் நேர்கோட்டில் போக விரும்புபவை. வீடு, மண்மேடு, அடர்ந்த மரங்கள் ஆகியன இடையில் வந்தால் பலம் குறையும். மழைக்குப் பின் நனைந்த இலைகள் இன்னும் அதிகமாக அலையை உறிஞ்சும். றிமோட்டின் அன்ரெனாவுக்கும் ஒழுங்கு உண்டு. பல வகைகளில் அதன் நுனியை ட்ரோனை நோக்கிக் குத்திப் பிடித்தால் அலை குறைவாகவே போகும். அதன் பக்கவாட்டு ட்ரோனைப் பார்க்க வேண்டும்.

நூல் அறுந்தால் ட்ரோன் என்ன செய்யும்? அது முன்னரே அதற்குச் சொல்லி வைத்ததைப் பொறுத்தது. நின்ற இடத்தில் நிற்கலாம், அங்கேயே இறங்கலாம், அல்லது புறப்பட்ட இடத்துக்குத் தானாகத் திரும்பலாம். திரும்பி வருவதில் ஓர் ஆபத்து உண்டு. பனை 30 மீற்றர் வரை வளரக்கூடியது. திரும்பும் உயரத்தை 20 மீற்றர் என்று வைத்திருந்தால் ட்ரோன் நேரே வந்து பனையில் மோதும். சுற்றாடலில் உள்ள மிக உயர்ந்த மரத்துக்கும் கோபுரத்துக்கும் மேலாக அந்த உயரத்தை வைக்க வேண்டும். செய்மதி வாங்கி இல்லாத மலிவான விளையாட்டு ட்ரோன்களுக்குத் திரும்பிவரத் தெரியாது. நூல் அறுந்த பட்டம் போல அவை காற்றோடு போகும்.

செய்மதியின் மெல்லிய குரல்

ஜீ.பீ.எஸ். செய்மதிகள் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சமிக்ஞை நிலத்தை அடையும்போது மிக மிக மெலிந்துவிடும். தன் இடத்தையும் உயரத்தையும் அறிய ட்ரோனுக்குக் குறைந்தது நான்கு செய்மதிகள் தெரிய வேண்டும். நம்பிக்கையாகப் பறக்க அதைவிடப் பல வேண்டும். மரத்தின் கீழோ, கட்டடங்களுக்கு நடுவிலோ நின்று எழுப்பினால் அவை தெரியாது. சுவரில் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞை பிழையான இடத்தையும் காட்டும்.

இந்த மெல்லிய குரலைச் சிறியதொரு குழப்பும் கருவியாலும் மூடிவிடலாம். ஹொங்கொங்கில் 2018 ஒக்டோபரில் துறைமுகத்தின் மேல் நடந்த ட்ரோன் காட்சியில் 46 ட்ரோன்கள் நடுவானிலிருந்து நீரில் வீழ்ந்தன. செய்மதிச் சமிக்ஞை குழப்பப்பட்டதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. போர் நடக்கும் நாடுகளில் இத்தகைய குழப்பல் இன்று அன்றாட நிகழ்வு.

செய்மதி தெரியாமற் போனதும் ட்ரோன் உடனே விழுந்துவிடாது. ஆனால் ஓரிடத்தில் நிற்கும் திறனை இழந்து காற்றின் போக்கில் நகரத் தொடங்கும். இதைப் பழகாதவர் பதறி, குச்சிகளை அங்குமிங்கும் தள்ளி மரத்தில் மோதவிடுவார். பழகியவர் காற்றுக்கு எதிராக மெல்லப் பிடித்து இறக்கிவிடுவார்.

நமது கையின் பிழைகள்

எல்லாப் பழியையும் கருவியில் போட முடியாது. ட்ரோனின் முகம் நம்மைப் பார்க்கும்போது அதன் இடமும் வலமும் நமக்கு மாறிப்போகும். புதியவர்கள் பலர் ட்ரோனை இழப்பது இந்த இடத்தில்தான். கட்டுப்பாடு போய்விட்டது என்று அவர்கள் நினைப்பார்கள். உண்மையில் கை சொன்னதையே ட்ரோன் செய்திருக்கும்.

மேலேயிருந்து நேர்கீழாக வேகமாக இறக்குவதும் ஆபத்து. விசிறிகள் கீழே தள்ளிய அதே காற்றுக்குள் ட்ரோன் இறங்கும்போது தாங்கும் விசை குறைந்து, குலுங்கிக்கொண்டு கல்லைப் போல் விழத் தொடங்கும். அப்போது மேலே இழுப்பதால் பயன் குறைவு. பக்கவாட்டில் நகர்த்திப் புதிய காற்றுக்குள் கொண்டுபோக வேண்டும்.

விசிறியில் சிறு வெடிப்பு இருந்தாலும் அதிர்வு ஏற்பட்டு, சரிவை அறியும் கருவி குழம்பும். மோட்டருக்குள் மணல் போனாலும், கடற்கரை உப்புக் காற்றில் துரு ஏறினாலும் ஒரு விசிறி தளரும். நான்கில் ஒன்று நின்றால் சாதாரண ட்ரோன் சுழன்றுகொண்டே விழும்.

எழுப்பும் முன் பார்க்க வேண்டியவை

1. புல்லிலோ, மண்ணில் விரித்த பாயிலோ வைத்து எழுப்புங்கள். கொங்கிறீற், வாகனம், தகரம் ஆகியவற்றிலிருந்து தள்ளி நில்லுங்கள்.
2. சிவப்பு அறிவிப்பு வந்தால் காரணம் தெரியும் வரை எழுப்ப வேண்டாம்.
3. விசிறிகளை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்.
4. வீங்கிய பற்றரியைப் பயன்படுத்தவே கூடாது. பூட்டு இறுகியுள்ளதா என்று அழுத்திப் பாருங்கள்.
5. செய்மதிகள் போதியளவு தெரிந்து, புறப்படும் இடம் பதிவான பின்னரே எழுப்புங்கள்.
6. திரும்பும் உயரத்தைப் பனைக்கும் மேலாக வையுங்கள்.
7. முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள். வரும்போது காற்று உதவும்.
8. பற்றரியில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போதே திரும்பிவிடுங்கள்.
9. ஆட்களின் தலைக்கு மேலாகப் பறக்கவிட வேண்டாம். சிறிய விசிறியும் குழந்தையின் கண்ணைக் கெடுக்கப் போதும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. இலங்கையில் ட்ரோன் பறப்பு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களைத் தொடர்ந்து ட்ரோன் பறப்பு நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. அத்தடை பின்னர் நீங்கினாலும் அனுமதி எடுக்கும் கடமை நீங்கவில்லை. படைமுகாம்களுக்கு அருகில் கட்டுப்பாடிழந்து போகும் ட்ரோன் அதை விட்டவருக்குப் பெருந்தொல்லையைக் கொண்டுவரும்.

சொற்கேளாத வேளையில்

பதறாமல் முதலில் குச்சிகளை விட்டுவிடுங்கள். செய்மதி தெரியுமானால் பல ட்ரோன்கள் தாமாகவே நின்றுவிடும். தொடர்பு அறுந்தால் றிமோட்டை நிறுத்தாமல், அன்ரெனாவைத் திருத்தி, மேடான வெளியிடத்துக்குப் போங்கள். வட்டம் பெருக்கிறது என்றால் வீட்டுக்குக் கொண்டுவர முயல வேண்டாம். ஆளில்லாத வெளியில் உடனே இறக்குங்கள். பற்றரி முடிகிறது என்றாலும் அப்படியே. வயலுக்குள் இறங்கிய ட்ரோனைத் துடைத்து எடுக்கலாம். குளத்துக்குள் விழுந்ததை எடுப்பது கடினம்.

விழுந்த பின் செய்ய வேண்டியதே முக்கியம். மின்கம்பியில் தொங்கினால் தடி கொண்டு தட்டக் கூடாது, மின்சார சபைக்கு அறிவிக்க வேண்டும். அடிபட்ட லிதியம் பற்றரி சிறிது நேரம் கழித்தும் தீப்பிடிக்கலாம். ஆகையால் அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல், எரியக்கூடிய பொருட்கள் இல்லாத வெளியில், மணலில் வைத்துவிடுங்கள். கண்ணிவெடி அடையாளமிட்ட நிலத்தில் விழுந்தால், அது இரண்டு அடி தூரத்தில் கண்முன்னே கிடந்தாலும், எடுக்கப் போக வேண்டாம். பலகை இல்லாவிட்டாலும் நீண்டகாலம் ஆள் நடமாடாத பற்றைக் காடென்றால் அதே கவனம் வேண்டும். கண்ணிவெடி அகற்றுவோருக்கு அல்லது கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதை எடுக்க ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்த பட்டத்தின் பின்னே ஓடும் கால்கள் அவர்களுடையவை.

அந்த இளைஞரின் ட்ரோன் பல மாதங்கள் வேலிக்கு அப்பாலேயே கிடந்தது. அந்தத் துண்டு நிலத்தைத் துப்புரவு செய்து முடித்தவர்கள் ஒருநாள் அதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு கை முறிந்து, கமராவுக்குள் மழைத் தண்ணீர் புகுந்து, அது எதற்கும் உதவாத நிலையில் இருந்தது. இப்போது அவர் நண்பர் ஒருவரின் ட்ரோனைக் கொண்டு படம் எடுக்கப் போகிறார். பைக்குள் ஒரு பழைய பன்பாயும் இருக்கிறது. எங்கே போனாலும் அதை மண்ணில் விரித்து, அதன்மேல் வைத்தே எழுப்புகிறார். தாயின் சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. வருகிற கால போகம் சரிவந்தால் மீட்டுவிடலாம் என்று தாய் சொல்கிறார்.